முன்னதும் பின்னதும்

உளூவின் பர்ளுகள் எத்தனை என்று வினவினால், ஷாஃபிஈ மத்ஹபில் ஓதியவர் ஆறு என்பார். ஹனஃபீ மத்ஹபில் ஓதியவர் நான்கு என்பார். முகம், இரு கைகள், தலை, இரு கால்கள் ஆகிய நான்கும் இரு சாராருக்கும் பொது. ஷாஃபிஈக்கள் இவற்றோடு நிய்யத்தையும் தர்தீபையும் சேர்த்துக்கொள்கின்றனர். தர்தீபு என்பது வரிசை பேணுதல். முன்னதை முன்னும் பின்னதைப் பின்னும் செய்தல். ஹனஃபீ மத்ஹபில் அது சுன்னத்து. பேணுதல் நன்று, தவறினும் உளூ நிறைவேறிவிடும். ஷாஃபிஈ மத்ஹபிலோ அது பர்ளு. தவறினால் உளூவே இல்லை. நம் கடற்கரையூர்களில் ஷாஃபிஈக்களும் உள்நாட்டூர்களில் ஹனஃபீக்களும் மிகுதியாக வாழ்வதால், இரு பக்கமும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களில் இந்த மஸ்அலா என்றேனும் ஒருநாள் பேச்சுக்கு வந்தே தீரும்.

மார்க்கச் சட்டத்தை இயந்திரத்தோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. ஆயினும், வரிசை எங்கே கட்டாயம், எங்கே கட்டாயமில்லை என்னும் கேள்வியைக் குறிக்கத் தர்தீபைக் காட்டிலும் பொருத்தமான ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. என் தொழிலில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியைக் கேட்பதிலேயே கழிகிறது.

கணிப்பொறியை இயக்கும் முறைமைக்குக் கருவாக அமைந்த நிரலைக் கெர்னல் என்பர். அதில் பிறர் செய்யும் திருத்தங்களை வரிவரியாகப் படித்து, ஏற்கலாம் என்றோ மறுக்க வேண்டும் என்றோ கருத்துரைத்து ஒப்பமிடுவது என் பணி. நான் பார்க்கும் கெர்னல் லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய அது, இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்து வளர்ந்து நிற்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் அதுவே இருக்கிறது. அவ்வளவு பெரிய நிரலில் பிழை பலவகை. எனக்கென ஒதுக்கப்பட்டது ஒரே வகை: எழுதிய வரிசை ஒன்று, நிகழும் வரிசை வேறொன்று என ஆகும்போது விளையும் பிழை.

எழுதியபடிதானே இயந்திரம் செய்யும் என்று வாசகர் ஐயுறலாம். செய்வதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. கணிப்பொறியின் பிராசஸர் இன்று ஒரு நொடியில் முந்நூறு கோடி முறை துடிக்கவல்லது. அதன் நினைவகமோ அவ்வளவு விரைவானதன்று. அங்கே ஒரு முறை போய்வர ஏறத்தாழ நூறு நானோநொடி ஆகும். அந்த இடைவெளியில் பிராசஸர் முந்நூறு துடிப்புகளை வீணே கழிக்க நேரும். ஆகவே, எதையேனும் நினைவகத்தில் எழுத வேண்டிவரும்போது அது அங்கே போய் நிற்பதில்லை. எழுத வேண்டியதை ஒரு சீட்டில் குறித்துத் தன் மடியில் செருகிக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. சீட்டு பின்னர் உரிய இடம் சேர்கிறது. பிராசஸர் ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை இதனால் தீங்கில்லை. எதையும் படிக்குமுன் தன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. ஒரே நினைவகத்தைப் பல பிராசஸர்கள் பகிர்ந்துகொள்ளும்போதுதான் வம்பு தொடங்குகிறது. ஒருவர் மடியில் இருக்கும் சீட்டு அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாதல்லவா? லினக்ஸ் பல பிராசஸர்களைத் தாங்கத் தொடங்கியது 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில். இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே எட்டு இருக்கின்றன.

பிராசஸரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரும், ‘இதை முன்னே செய்தால் என்ன, பின்னே செய்தால் என்ன’ என்று தன் வசதிக்கேற்ப வரிகளை இடம் மாற்றும். பல பிராசஸர்கள் சேர்ந்து வேலை செய்யும்போது நாம் இயல்பாக எதிர்பார்ப்பது எது என்பதை 1979-ஆம் ஆண்டிலேயே லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் மிகச் சுருக்கமான கட்டுரையொன்றில் வரையறுத்துவிட்டார்: எல்லாருடைய செயல்களையும் ஏதேனும் ஒரே சரமாகக் கோத்துவிட முடிய வேண்டும், அச்சரத்தில் ஒவ்வொருவர் செயலும் அவரவர் எழுதிய முறைப்படியே வர வேண்டும். அழகான வரையறை. ஆனால் இன்று புழங்கும் பிராசஸர்கள் எவையும் கேட்காமலே அதைத் தருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. வலைவழியே வந்த செய்தியொன்றை ஒரு பிராசஸர் நினைவகத்தில் ஓரிடத்தில் வைக்கிறது. வைத்தபின், ‘ஆயத்தம்’ என்று ஒரு கொடியை உயர்த்துகிறது. மற்றொரு பிராசஸர் கொடியைப் பார்க்கிறது. உயர்ந்திருந்தால் செய்தியை எடுத்துக்கொள்கிறது. பினாங்கிலிருந்து ஒருவர் வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு, பணம் அனுப்பியிருக்கிறேன் என்று தனியே ஒரு கடிதமும் போடுவதைப் போன்றது இது. கடிதம் முந்தி வந்துவிட்டால் வீட்டார் அஞ்சலகம் வரை போய் வெறுங்கையோடு திரும்புவர், அவ்வளவே. கெர்னலில் வெறுங்கையோடு திரும்பும் நற்பேறு கிடையாது. கொடி முந்தி, செய்தி பிந்தினால், அவ்விடத்தில் முன்பு கிடந்த பழைய குப்பையைப் புதிய செய்தி என்று நம்பி எடுத்துச் செல்லும். இதைத் தவிர்க்க, இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே ஒரு தடுப்பு இட வேண்டும். ‘இதற்கு முன் எழுதியவை வெளிப்பட்டபின்பே இதற்குப் பின் எழுதுபவை வெளிப்படலாம்’ என்பது அத்தடுப்பின் பொருள். அதுமட்டும் போதாது. படிப்பவர் பக்கத்திலும் ஒரு தடுப்பு வேண்டும்; இல்லையேல் அவர் செய்தியை முன்கூட்டியே எட்டிப் பார்த்து வைத்துக்கொண்டு, பின்பு கொடியைப் பார்க்கக்கூடும். ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. தடுப்பு என்றால் அதற்கு ஓர் இணை இருந்தாக வேண்டும்.

இனி, எல்லாப் பிராசஸர்களும் ஒரே அளவில் வரிசையைக் குலைப்பதில்லை. இன்டெல் வழிவந்த எக்ஸ் 86 வகையினவற்றில், எழுதியவை எழுதிய வரிசையிலேயே வெளிப்படும். படிப்பவையும் வரிசை தவறா. ஒரே ஒரு விலக்கு மட்டும் உண்டு: முன்னர் எழுதியது மடியிலிருக்க, பின்னர் படிக்க வேண்டியது அதை முந்திக்கொள்ளும். கைப்பேசிகளில் இருக்கும் ஆர்ம் வகையினவோ, வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டாலன்றி எந்த வரிசையையும் பெரும்பாலும் காத்துத் தருவதில்லை. இதனால் நேர்ந்த ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். எக்ஸ் 86 பொறிகளுக்கென எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள் தடுப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடின. எழுதியவர் மறந்ததை இயந்திரம் தானே பேணிக்கொண்டது. அந்நிரல்களைச் சரியானவை என்றே எல்லாரும் எண்ணினர். அவை என்றுமே சரியாக இருந்ததில்லை. இயந்திரத்தின் தயவில் காலந்தள்ளி வந்தன. 2018-ஆம் ஆண்டில் அமேசான் தன் வாடகைக் கணிப்பொறிகளில் ஆர்ம் வகையைக் கொண்டுவந்தது; 2020-இல் ஆப்பிள் தன் மடிக்கணிப்பொறிகளை ஆர்ம் பக்கம் திருப்பியது. பழைய நிரல்கள் இப்படிப் புதிய ஊர்களில் குடியேறியபோது அத்தயவு அறுந்தது.

எந்த இயந்திரம் எதைப் பேணும் என்பதுகூட நெடுங்காலம் தெளிவாக இல்லை என்றால் வாசகர் வியப்படையலாம். 1999-ஆம் ஆண்டின் இறுதியில், பூட்டொன்றைத் திறக்கும் செயலை எக்ஸ் 86 பொறியில் ஒரு சாதாரண எழுத்தால் முடித்துவிடலாமா என்று லினக்ஸ் எழுதுவோரிடையே பெரும் விவாதம் எழுந்தது. கூடாது என்று தோர்வால்ட்ஸ் திட்டவட்டமாக மறுத்தார். பின்னர் இன்டெல்லைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் வந்து, கூடும் என்று விளக்கியதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவரே முதலில் ஒன்று சொல்லிப் பின்பு வேறு சொல்ல நேர்ந்தது என்றால், பொறியோடு வந்த கையேடு எவ்வளவு மங்கலாக இருந்திருக்க வேண்டும்! அவ்வகைப் பொறியின் நடத்தையைக் கணித முறையில் ஐயமற எழுதிய கட்டுரை 2010-ஆம் ஆண்டில்தான் வந்தது. எழுதியவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பீட்டர் சுவெல் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும்.

எல்லாரையும் மிஞ்சியது 1992-இல் வெளிவந்த ஆல்ஃபா. புதிய வீட்டின் முகவரியைச் சரியாகப் படித்துக்கொண்டு, அம்முகவரிக்குப் போய்க் கதவைத் திறந்தால், உள்ளே பழைய காலிமனையைக் காட்டும் ஆற்றல் அதற்கு இருந்தது. வேறெந்தப் பொறியும் இவ்வளவு துணிந்ததில்லை. ஆல்ஃபாவை உருவாக்கிய நிறுவனமே மறைந்தபின்னும், அதற்கெனத் தனித் தடுப்பொன்றை எங்கள் நிரல்களில் எழுதிவர வேண்டியிருந்தது. 2018-இல் அதைப் பொதுவான படிப்புச் சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள். இறந்தவரைப் பற்றிக் குறை பேசலாகாது. ஆதலால் இதனோடு நிறுத்துகிறேன்.

இனி நான் சொல்ல வந்த வழக்குக்கு வருகிறேன். இது இயந்திரத்தின் தயவை நம்பியும் தப்ப முடியாத வகை; எக்ஸ் 86 பொறியிலும் நிகழக்கூடியது.

ரமலானில் தப்ஸ் அடித்துச் சஹருக்கு எழுப்ப வரும் பக்கீரை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். ஒரு கற்பனை செய்துகொள்வோம். எழுப்பப்பட வேண்டியவர்கள் தெருமுனைப் பலகையில் தம் பெயரை எழுதிவைக்க வேண்டும். பக்கீர் நேரம் வந்ததும் மினாராவில் விளக்கை ஏற்றுவார்; ஏற்றியபின் பலகையைப் பார்ப்பார்; பெயர் இருந்தால் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவார்; ஒருவர் பெயரும் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவார். தூங்கப் போகிறவரோ, முதலில் பலகையில் பெயரை எழுதுவார், எழுதியபின் மினாராவை அண்ணாந்து பார்ப்பார், விளக்கு எரிந்தால் தூங்காமல் சஹர் உண்ணப் போவார், எரியாவிட்டால் படுத்துவிடுவார். இருவரும் முறைப்படி நடந்தால் யாரும் நோன்பைத் தவறவிட மாட்டார். பெயர் விளக்குக்கு முந்தினால் பக்கீர் பெயரைக் காண்பார். விளக்கு பெயருக்கு முந்தினால் தூங்கப் போகிறவர் விளக்கைக் காண்பார். ஆனால், இருவரும் எழுத வேண்டியதைச் சீட்டில் குறித்து மடியில் வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டியதை முதலில் பார்த்துவிட்டால்? இவர் விளக்கைக் காணார். அவர் பெயரைக் காணார். பக்கீர் வீடு திரும்புகிறார். தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருக்கிறார். சிறிது கழித்துப் பலகையில் பெயரும் மினாராவில் விளக்கும் பளிச்சென்று தெரியும்; பயனில்லை.

கெர்னலில் இது அன்றாடம் நிகழும் ஏற்பாடு. வட்டில் எழுதி முடியட்டும் என்று ஒரு நிரல் காத்துத் தூங்கும். முடிந்ததும் மற்றொன்று அதை எழுப்பும். எழுப்புமுன் காத்திருப்போர் யாரேனும் உண்டா என்று பட்டியலைப் பார்ப்பதற்கு ஒரு குறுக்குவழி கெர்னலிலேயே இருக்கிறது. தடுப்பில்லாமல் இதைப் பயன்படுத்தாதே என்று எச்சரிக்கையும் அதன் தலைமேலேயே எழுதியிருக்கிறது. இருந்தும் 2015-ஆம் ஆண்டில் கெர்னலின் வெவ்வேறு பகுதிகளில் இதே குறைக்குப் பல திருத்தங்கள் செய்ய வேண்டியிருந்தது.

சில காலத்துக்கு முன் ஓர் இளம் பொறியாளர் என்னிடம் ஒரு திருத்தம் அனுப்பினார். சேமிப்புக் கருவியொன்றுக்கான நிரல் அது. எழுப்பும் இடத்தில் முன்பு ஒரு பூட்டு இருந்தது. ஒவ்வொரு முறையும் பூட்டித் திறப்பதால் வேகம் குறைகிறதென்று அதை நீக்கி, மேற்சொன்ன குறுக்குவழியை வைத்திருந்தார். வேகம் உண்மையாகவே கூடியிருந்தது. ஆனால், பூட்டு என்பது கதவை அடைப்பதற்கு மட்டுமன்று. வரிசையையும் அது சேர்த்தே காத்து வந்தது. பூட்டோடு தர்தீபும் போய்விட்டது. திருத்தங்களைக் காட்டும் திரையில் நீக்கிய வரி சிவப்பாகத் தெரியும், சேர்த்த வரி பச்சையாகத் தெரியும். இருக்க வேண்டி இல்லாமற்போன வரிக்கு நிறம் கிடையாது. இந்தத் தொழிலின் கடினமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

தடுப்பு வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் அவர் நேரில் வந்தார்.

“சார், இரண்டு வாரம் இரவும் பகலும் ஓடவிட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.”

“நிற்காது என்று நான் சொல்லவில்லையே, தம்பி. நிற்கக்கூடும் என்கிறேன்.”

“நின்றதை யாரும் பார்த்ததில்லை, சார்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. வெளியீட்டு நாள் குறித்தாகிவிட்டது. மேலதிகாரியும் அதையே கேட்டார்: பிழையைக் காட்டுங்கள், நிறுத்திவைக்கிறேன். காட்டுவது எப்படி? இரு சீட்டுகளும் ஒரே வேளையில் இரு மடிகளில் இருக்கும் அந்தச் சில நானோநொடிகளுக்குள் இரு பார்வைகளும் விழ வேண்டும். சோதனைச்சாலையில் இரண்டு வாரம் வாய்க்காதது, வாடிக்கையாளரிடம் ஆயிரக்கணக்கான பொறிகள் ஆண்டு முழுதும் ஓடும்போது ஏதோ ஓரிரவில் வாய்க்கும். வாய்த்தால், வட்டுக்காகக் காத்த நிரல் எழுவதே இல்லை. அதன் பின்னால் வந்தவையும் வரிசையாக நின்றுவிடும். மின்சாரத்தைத் துண்டிப்பது தவிர வேறு வழி இராது. துண்டிக்கும்போது, நினைவகத்தில் இருந்து இன்னும் வட்டுக்குப் போகாத எவருடைய கணக்கோ அதனோடு போகும். யார் பிழை என்று கண்டுபிடிக்கவும் முடியாது. மறுபடி தொடங்கினால் எல்லாம் நலமாக ஓடும். வேறொரு கருவியில் இத்தகைய நோய் பல வாரங்களுக்கு ஒருமுறை தலைகாட்டி மறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்தவர்கள் மின்கம்பிகளை மாற்றினார்கள். நினைவகச் சில்லுகளை மாற்றினார்கள். நிரலை மட்டும் யாரும் ஐயுறவில்லை.

நல்வேளையாக, நம் காலத்தில் வாதத்தைத் தீர்க்க ஒரு நடுவர் உண்டு. 2018-இல் லினக்ஸ் கெர்னல் தன் வரிசை விதிகளை முறைப்படி எழுதிய ஒரு மாதிரியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பால் மெக்கென்னி, ஜேட் ஆல்கிளேவ், ஆலன் ஸ்டெர்ன் முதலியோர் உழைத்தது. அதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரைக்கே, சிறுவரை அச்சுறுத்திப் பெரியோரைக் கலங்கவைப்பது என்ற பொருளில் வேடிக்கையாகத் தலைப்பிட்டார்கள். படித்தவர்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிராது. வழக்குக்குரிய நாலைந்து வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, லிட்மஸ் என்னும் சிறு சோதனையாக எழுதி, ஹெர்டு என்ற கருவியிடம் கொடுத்தால், விதிப்படி நிகழக்கூடிய எல்லா முடிவுகளையும் அது பட்டியலிட்டுவிடும். ஓடவிட்டுப் பார்ப்பதில்லை; ஓடினால் என்னென்ன ஆகலாம் என்று ஒன்றுவிடாமல் கணக்கிடுகிறது.

இளைஞரையே எழுதச் சொன்னேன். இரண்டு செயல்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, ஒரு படிப்பு. விளக்கையும் காணவில்லை, பெயரையும் காணவில்லை என்னும் முடிவு வருமா என்பது கேள்வி. ‘சிலவேளை வரும்’ என்று விடை வந்தது. அவர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருபக்கமும் முழுத் தடுப்பை இட்டு மீண்டும் கேட்டார். ‘ஒருபோதும் வராது’ என்றது. ஒருபக்கத்துத் தடுப்பை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தார், மீண்டும் ‘சிலவேளை’. அதன்பின் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து அவர் அனுப்பிய திருத்தத்தில் மூன்று இடங்களில் தடுப்பு இருந்தது. பாதுகாப்புக்காக என்றார். அதையும் திருப்பி அனுப்பினேன். இதில் என்னோடு உடன்படாத நண்பர்கள் உண்டு. கூடுதலாக ஒன்று இருந்தால் என்ன கெட்டுவிடும் என்பர். முழுத் தடுப்பு விலை மிகுந்தது, உண்மையே; ஆயினும் என் எதிர்ப்பு விலையைப் பற்றியதன்று. தேவையற்ற தடுப்பு படிப்பவரிடம் பொய் சொல்கிறது. ‘இங்கே ஓர் ஆபத்து உண்டு, எனக்கோர் இணை எங்கோ இருக்கிறது’ என்று அது சொல்லும். பின்னால் வருபவர் இல்லாத இணையைத் தேடி நாட்களைக் கழிப்பார். ஹதீஸ் கலையில், கேட்டேன் என்று சொன்னால் மட்டும் போதாது, யாரிடம் கேட்டார் என்றும் சொல்லியாக வேண்டுமன்றோ? தடுப்பிடமும் நான் கேட்பது அதுவே: நீ யாரோடு இணை? இளைஞரின் நிரலில் தூங்குகிறவர் பக்கம் தனியே ஒன்றும் இட வேண்டியதில்லை. தூங்கப் போகிறேன் என்று பதிவு செய்யும் கெர்னல் சொல்லுக்குள்ளேயே முழுத் தடுப்பு அடங்கியிருக்கிறது. ஆகவே எழுப்புகிறவர் பக்கம் ஒன்றே ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றின் இணை வேறொரு கோப்பில், வேறொரு பெயருக்குள் ஒளிந்திருப்பதால், அதைச் சொல்லும் விளக்கக் குறிப்பு கட்டாயம் வேண்டும். குறிப்பில்லாத தடுப்பைக் கண்டால் எச்சரிக்கும் சிறு கருவியொன்றைக் கெர்னலே வைத்திருக்கிறது; குறிப்பு இருக்கிறதா என்று மட்டுமே அதற்குத் தெரியும், அதில் உண்மை இருக்கிறதா என்று மனிதர்தாம் பார்க்க வேண்டும்.

நான்காம் முறை வந்த திருத்தத்தில் தடுப்பு ஒரு வரி, குறிப்பு ஆறு வரி. எது எதற்கு முன் வெளிப்பட வேண்டும், இணை எந்தச் செயலுக்குள் இருக்கிறது, இல்லாவிட்டால் யார் தூங்கிப்போவார் என்று தெளிவாக எழுதியிருந்தார். வெளியீட்டு நாள் ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று. ஒப்பமிட்டேன்.

அதே கோப்பில், அவர் தொடாத பகுதியில், பழைய தடுப்பு ஒன்று இருக்கிறது. குறிப்பு எதுவும் இல்லை. இணையைத் தேடினேன், கிடைக்கவில்லை. இணை இருந்த வரியை யாரேனும் பிற்காலத்தில் அகற்றினார்களா, தொடக்கத்திலிருந்தே இல்லையா என்று தெரியவில்லை. எடுத்துவிடவும் துணிவில்லை, விட்டுவைக்கவும் மனமில்லை. எழுதியவர் பெயரும் நாளும் பதிவேட்டில் உள்ளன. பணியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய முகவரியை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.